கோடரியும் அடுப்பின் வாயும்: டென்மார்க்கிலும் தமிழ்நிலத்திலும் எளியோரின் விறகுக் கருவிகள்

டென்மார்க்குக்கும் தமிழர்க்கும் இடையிலான உறவு பற்றிய ஆய்வுகள் பெரிதும் மூன்று ஆண்டுகளைச் சுற்றியே வளர்ந்துள்ளன. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவோடு டேனியர் தரங்கம்பாடியில் கால் ஊன்றினர். 1706இல் சீகன்பால்கு அங்கே கரையிறங்கினார். 1845இல் தரங்கம்பாடி ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. கோட்டை, அச்சுக்கூடம், வணிகக் கணக்கு, சமய உரையாடல் ஆகியன விரிவாக ஆராயப்பட்டிருக்கின்றன. ஆயினும் அக்கோட்டையைச் சூழ்ந்த ஊர்களிலும், கடலுக்கு அப்பால் சேலந்து, யூலாந்து ஆகிய டேனியப் பகுதிகளின் சிற்றூர்களிலும் நாள்தோறும் எரிந்த அடுப்புகளுக்கு விறகு எவ்வாறு வந்தது, அது எக்கருவியால் வெட்டப்பட்டது, அக்கருவியைப் பெற எவருக்கு இயன்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன.

இவ்வினாக்கள் சிறியனவாகத் தோன்றலாம். ஆனால் உழவனின் கலப்பை, போர்வீரனின் வாள் ஆகியவற்றைவிட விறகு வெட்டும் கத்தியே எண்ணிக்கையில் மிகுதியாகவும் பரவலாகவும் மக்கள் கையில் இருந்த இரும்புக் கருவிகளுள் ஒன்றாகும். ஏழை வீட்டில் ஒரே ஓர் இரும்புப் பொருள் இருந்தால் அது பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும். அக்கருவி எவ்வடிவில் இருந்தது என்பதைக் கொல்லனின் கைத்திறன் மட்டும் முடிவு செய்யவில்லை. அடுப்பின் வாய் எவ்வளவு அகலம் என்பதும், காட்டில் எந்த மரத்தைத் தொட எவருக்கு உரிமை இருந்தது என்பதும் அதனை முடிவு செய்தன. இவ்விரண்டனுள் உரிமையே வலிமையானது என்பதை இரு நிலங்களின் சான்றுகளையும் அருகருகே வைத்து இக்கட்டுரை காட்ட முயல்கின்றது.

திராவெட் காட்டில் ஒரு சோதனை

டேனிய அறிஞர் கோடரியை ஆராய்ச்சிப் பொருளாக்கிய விதம் தனிச்சிறப்புடையது. யொஹானஸ் ஈவர்சன் என்னும் தாவர வரலாற்றறிஞர் சதுப்பு நிலப் படிவுகளில் கிடைத்த மகரந்தத் துகள்களை ஆராய்ந்து, புதிய கற்காலத்தில் மக்கள் காட்டை அழித்து வேளாண்மை தொடங்கியதை 1941இல் எடுத்துரைத்தார். கல்லாலான கோடரியைக் கொண்டு காட்டை அழிக்க இயலுமா என்ற ஐயம் அதனையொட்டி எழுந்தது. ஏட்டில் விடை தேடாமல், ஈவர்சனும் தொல்லியலாளர்களான யோர்கன் துரோல்ஸ்-ஸ்மித், ஸ்வென் யோர்கன்சன் ஆகியோரும் 1950களின் தொடக்கத்தில் தென் யூலாந்தின் திராவெட் காட்டுக்குள் சென்றனர். அருங்காட்சியகத்தில் இருந்த உண்மையான தீக்கல் கோடரி அலகுகளை எடுத்து, சதுப்பு நிலத்தில் கிடைத்த பழங்காம்பு ஒன்றின் மாதிரியில் புதிய காம்புகள் செய்து பொருத்தினர்.

முதலில் தோல்வியே கிட்டியது. தொழில்முறை மரவெட்டிகள் இரும்புக் கோடரியை வீசும் பழக்கத்தில், தோளிலிருந்து முழுவீச்சாக ஓங்கி வெட்டினர். கல் அலகுகள் முறிந்தன. பின்னர் முழங்கையும் மணிக்கட்டும் மட்டும் அசையுமாறு, குறுகிய விரைவான வெட்டுகளாக வெட்டக் கற்றுக்கொண்டபோது வேலை எளிதாயிற்று. ஓரடிக்கு மேல் விட்டமுள்ள ஓக் மரங்கள் அரைமணி நேரத்தில் வீழ்ந்தன. மூவர் சேர்ந்து நான்கு மணி நேரத்தில் ஏறத்தாழ 500 சதுர மீட்டர் பரப்பிலிருந்த பூர்ச்ச மரங்களை வெட்டித் தள்ளினர். ஏறத்தாழ 4000 ஆண்டுகளாகத் தீட்டப்படாத ஓர் அலகு நூற்றுக்கும் மேற்பட்ட மரங்களை வெட்டியது.

கருவியின் பாதி அதனைப் பயன்படுத்தும் உடலில் இருக்கின்றது என்பதை இச்சோதனை நிறுவியது. அருங்காட்சியகப் பேழையில் கிடக்கும் அலகு முழுக் கருவி அன்று. காம்பின் நீளம், பிடிக்கும் கை, நிற்கும் நிலை, வெட்டப்படும் மரத்தின் பருமன் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே கருவி. தமிழ்க் கருவிகளை ஆராய்வோர்க்கு இது பயன்படும் பாடமாகும். புறநானூறு குறிப்பிடும் நவியம் பகைவரின் காவல்மரத்தை வீழ்த்தும் நெடுங்காம்புக் கோடரி. மன்னனின் சினத்தை நிறைவேற்றிய அக்கோடரிக்கும், சுள்ளி தறிக்கும் பெண்ணின் இடுப்பில் செருகப்பட்ட அரிவாளுக்கும் உலோகம் ஒன்றே. உடலும் உரிமையும் வேறு.

மேற்காடு, கீழ்க்காடு

டென்மார்க் இன்று நிலப்பரப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு காடுடைய நாடு. 1800 அளவில் அப்பங்கு நூற்றுக்கு நான்கைத் தாண்டவில்லை. கப்பல் கட்டல், கால்நடை மேய்ச்சல், உழவு விரிவாக்கம், விறகு ஆகிய நான்கும் சேர்ந்து காட்டைத் தின்றிருந்தன. காவிரிக் கழிமுகத்தின் காடற்ற வயல்வெளியில் வந்திறங்கிய டேனியர், விறகுத் தட்டுப்பாட்டைத் தம் நாட்டிலேயே நன்கறிந்தவர்கள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

டேனியக் காட்டுரிமையில் ஒரு பழைய பிரிவினை இருந்தது. ஓக், பீச் முதலிய பெருமரங்கள் ‘மேற்காடு’ எனப்பட்டன. அவை நிலப்பிரபுவுக்கோ மன்னருக்கோ உரியவை. ஹேசல், ஆல்டர், முட்புதர், இளங்கொம்புகள் ஆகியன ‘கீழ்க்காடு’. இவற்றை வேலிக்கும் விறகுக்கும் வெட்டும் உரிமை பல இடங்களில் குடியானவருக்கு இருந்தது. ஒரே காட்டில், ஒரே மண்ணில், தலைக்கு மேலிருப்பது ஒருவருக்கும் இடுப்பளவில் இருப்பது மற்றொருவருக்கும் உரியனவாயின. இவ்வுரிமைக்கு ஏற்பவே கருவியும் பிரிந்தது. பெருமரம் வீழ்த்தும் நெடுங்கோடரி ஆண்டையின் வேலைக்குரியது. குடியானவன் தன் அடுப்புக்கென எடுத்துச் சென்றது கைக்கோடரியும் வளைந்த அலகுடைய கொம்பு வெட்டும் கத்தியுமே. பெருமரத்தையும் அவனேதான் வெட்டினான் என்பது வேறு செய்தி. மாளிகைக்கு விறகு வெட்டுவதும் வண்டியில் ஏற்றிச் சென்று சேர்ப்பதும் அவன் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பின் பகுதிகள். தன் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாத மரத்தை வெட்டும் திறன் அவனுக்கு இருந்தது, உரிமைதான் இல்லை.

எந்த மரம் வெட்டப்படலாம் என்பதைக் காட்டு அதிகாரி நேரில் சுட்டி, முத்திரை பொறித்த சுத்தியால் அடிமரத்தில் அடையாளமிடுவார். குறியில்லாத அடிமரம் திருட்டின் சான்று. எனவே கோடரிக்கு முன்னால் அந்தச் சுத்தியே காட்டுக்குள் நுழைந்தது. விறகுக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் இம்முத்திரைச் சுத்தியைப் பட்டியலில் சேர்ப்பதில்லை, சேர்ப்பதே பொருத்தம்.

1805 செப்டெம்பரில் பிறப்பிக்கப்பட்ட காட்டு ஆணை இப்பழைய ஒழுங்கை முடித்து வைத்தது. காடும் வயலும் பிரிக்கப்பட்டன. கால்நடைகள் காட்டை விட்டு வெளியேற்றப்பட்டன. காட்டைச் சுற்றி மண்ணாலும் கல்லாலும் கரைகள் எழுப்பப்பட்டன. அவற்றின் எச்சங்களை இன்றும் காணலாம். மேய்ச்சலுக்கும் கீழ்க்காட்டுக்கும் உரிமை பெற்றிருந்த குடியானவர்க்கு ஈடு வழங்கப்பட்டது. அன்று காடாக எஞ்சியிருந்த நிலம் என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று. டென்மார்க்கின் காடு பிழைத்தது இவ்வாணையால் என்பதில் ஐயமில்லை. அதற்கு முன்னரே 1763இல் செருமானியக் காட்டறிஞர் ஃபொன் லாங்கன் வரவழைக்கப்பட்டு, வட சேலந்தின் அரசக் காடுகளில் முறையான காட்டு வளர்ப்பைத் தொடங்கியிருந்தார். காட்டைக் காத்தவர்களை வரலாறு பெயர் சொல்லிப் போற்றுகின்றது. ஈட்டைப் பெற நிலமே இல்லாத கூலிக்குடிகளின் அடுப்பு பற்றி அது அவ்வளவாகப் பேசுவதில்லை. அவர்களுக்கு எஞ்சியது விழுந்த சுள்ளியைப் பொறுக்கும் இசைவு மட்டுமே. அதற்கும் பின்னாளில் சீட்டு வந்தது. கையால் ஒடிக்கத்தக்க சுள்ளிக்குக் கருவி வேண்டியதில்லை, கயிறொன்று போதும்.

விலைக்கு விற்கப்பட்ட விறகும் தரவாரியாகப் பிரிந்தது. பீச் மரத்தின் நேரான அடிப்பகுதியைப் பிளந்த விறகு முதல் தரம். பிளக்கப்படாத உருளைக் கொம்புகள் அடுத்தது. குச்சியும் தழையும் சேர்ந்த புதர்க் குவியல் மூன்றாவது. தோண்டி எடுக்கப்படும் வேர்க்கட்டை கடைசி. ஒவ்வொன்றும் வெவ்வேறு கருவியைக் கேட்டது. முதல் தரத்துக்கு வாளும் ஆப்பும் கனத்த கொட்டாப்புளியும் வேண்டும். உருளைக் கொம்புக்கு வாள் போதும். புதர்க் குவியலுக்குக் கைக்கத்தியும் கட்டும் கொடியும் போதும். வேர்க்கட்டையோ விலையில் மலிவு, உழைப்பில் கொடிது. தோண்டவும் பிளக்கவும் இரும்பு ஆப்புகள் வேண்டும். சிறுகுடிகள் வாங்கியவை கடைசி இரண்டுமே. மலிவான விறகு கூடுதலான உழைப்பை விழுங்கியது என்பது இப்பட்டியலிலேயே தெரிகின்றது.

அளவை ஃபாவ்ன் எனப்பட்டது. ஆறடி அகலம், ஆறடி உயரம், இரண்டடி நீளமாக அடுக்கப்பட்ட 72 கன அடி விறகு, அதாவது இன்றைய அளவில் ஏறத்தாழ 2.2 கன மீட்டர். காட்டுத் தொழிலாளிக்குக் கூலி இவ்வளவைக் கணக்கிட்டே தரப்பட்டது. எனவே மழுங்கிய வாள் என்பது நேரடியான கூலி இழப்பு. தமிழ்நாட்டில் விறகு எடைக்கு விற்கப்பட்டது. அடுக்கி அளக்கும் நாட்டில் விறகின் நீளம் ஒரே சீராக இருக்க வேண்டும். நிறுத்து விற்கும் நாட்டில் கோணல் கொம்பும் கணுக்கட்டையும் ஒரே தராசில் ஏறும். இவ்வேறுபாடு சிறிதன்று, ரம்பம் எவ்விடத்தில் தேவைப்பட்டது என்பதற்கு விடையின் ஒரு பகுதி இதில் உள்ளது.

அடுப்பின் வாய்

மறுபகுதி அடுப்பில் உள்ளது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டேனியக் குடியானவர் வீடுகளில் வார்ப்பிரும்புத் தகடுகளாலான பெட்டியடுப்பு பரவியது. அத்தகடுகள் பல அன்று டேனிய மன்னரின் ஆட்சியிலிருந்த நோர்வேயின் இரும்பாலைகளில் வார்க்கப்பட்டவை. சமையற்கட்டின் சுவர் வழியே பின்புறமிருந்து தீயூட்டப்படும் இவ்வடுப்பு, புகையின்றி வசிப்பறையைச் சூடாக்கியது. நீண்ட இருளும் குளிரும் கொண்ட பருவத்தில் அது பெரும் பேறு. ஆனால் பெட்டிக்கு நீளமும் அகலமும் உண்டு. அதற்குள் அடங்காத கட்டை பயனற்றது. 1853இல் யூலாந்தின் வடக்கே மோர்ஸ் தீவில் தொடங்கப்பட்ட வார்ப்பாலை முதலியவற்றால் இரும்படுப்பு மேலும் பரவியபோது, விறகைக் குட்டையாகவும் சீராகவும் அறுக்கும் தேவையும் அதனோடு பரவியது.

ஆகவே டேனிய வீட்டின் பின்புறத்தில் ஒரு தொகுதி உருவாயிற்று: குறுக்காகப் பிணைத்த கால்களுடைய அறுப்புக்குதிரை, மரச்சட்ட வாள், பிளக்கும் கட்டை, கோடரி, இரண்டு மூன்று ஆப்புகள். இவற்றுள் விலைகொடுத்து வாங்கப்பட்டவை எவை என்று பார்ப்பது நலம். அறுப்புக்குதிரை மலிவான கொம்புகளால் வீட்டிலேயே செய்யப்பட்டது. வாளின் சட்டம் மரம்; நடுவே குறுக்குக்கட்டை, மேலே முறுக்கிய கயிறு, கயிற்றின் முறுக்கே அலகை விறைப்பாக வைத்திருக்கும். கோடரிக் காம்பு ஆஷ் மரம். குளிர்கால மாலைகளில் செதுக்கிக் கொள்வது. ஆப்பும் காய்ந்த வன்மரத்தால் ஆகலாம். வாங்க வேண்டியவை வாளின் அலகும் கோடரியின் தலையும் மட்டுமே. மலிவு என்பது கடையில் குறைந்த விலையன்று. கருவியின் எவ்வளவு பகுதி காசுக்கு வெளியே செய்யப்படலாம் என்பதே மலிவின் அளவுகோல். பின்னாளில் சுவீடனிலிருந்து வந்த மெல்லிய எஃகலகும் இரும்புக்குழாய் வில்லும் கொண்ட வாள், ஒருவரே தனியாக அறுக்கும் வசதியைத் தந்தது. ஆனால் அதன் சட்டத்தையும் காசுகொடுத்தே வாங்க வேண்டியிருந்தது.

தமிழ் அடுப்புக்கு இத்தொகுதி தேவைப்படவில்லை. மூன்று கல்லோ மண்ணாலான வளைவோ கொண்ட அடுப்பின் வாய் முன்புறம் திறந்தே இருக்கும். நீண்ட கொம்பின் நுனி எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போகலாம். தீயைக் குறைக்க விறகை வெளியே இழுத்தால் போதும். பனைமட்டை, தென்னைமட்டை, பாளை, சுள்ளி, சிராய், வறட்டி ஆகிய எதுவும் அளவு பாராமல் அடுப்பேறும். வீட்டு விறகை ரம்பத்தால் அறுக்கும் வழக்கம் தமிழரிடையே அருகியிருந்ததற்கு ஏழ்மை மட்டும் காரணமன்று. ரம்பம் தச்சருக்கும் மரம் அறுப்போருக்கும் உரிய கருவி. அடுப்பின் வாய் அதனைக் கேட்கவில்லை. அடுப்பங்கரைப் பெண்ணின் கண்ணைப் புகை எரித்தது என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. டேனிய அடுப்பு உழைப்பைப் பின்முற்றத்துக்கு மாற்றியது. தமிழ் அடுப்பு அதனை அடுப்பின் முன்னால் இருந்தவரிடமே விட்டுவைத்தது.

கத்தி, கொக்கை, கவைக்கோல்

தமிழ்நிலத்தின் விறகுக் கருவிகள் இதனால் வெட்டுவதைவிட எட்டுவதற்கும் பிடிப்பதற்கும் சுமப்பதற்கும் உரியனவாக வளர்ந்தன. துறட்டி நீண்ட கோலின் நுனியில் கொக்கியோ சிறு அரிவாளோ கட்டியது. காய்ந்த கிளையை மரமேறாமல் இழுத்து ஒடிக்கலாம். யாழ்ப்பாணத்தில் இது கொக்கத்தடி. ஓலை வெட்டுவதற்கென அதன் நுனியில் கட்டும் வளைந்த அலகு கொக்கச்சத்தகம். பனையையே வாழ்வின் அச்சாகக் கொண்ட தீபகற்பத்தில், விழுந்த மட்டையும் பன்னாடையும் காய்ந்த ஊமலும் எரிபொருளாயின. பனை வெட்டாமலே விறகு தந்தது. வன்னியிலும் கிழக்கிலும் புதர் அழிக்கப் பயன்பட்ட கனத்த காட்டுக்கத்தி வேறு இனம். ‘விறகு கொத்துதல்’ என்று ஈழத்திலும் ‘விறகு பிளத்தல்’ என்று தமிழகத்திலும் ஒரே வேலை வெவ்வேறு வினைச்சொல் பெற்றதும், விற்பனையிடம் அங்கே விறகுகாலையாகவும் சென்னையில் விறகுத்தொட்டியாகவும் வழங்கியதும் சொல்லாராய்ச்சிக்குரியன.

முள்மரம் வெட்டுவோர் கையில் அரிவாளோடு கவைக்கோலும் இருக்கும். நுனி இரண்டாகப் பிரிந்த அக்கொம்பால் முட்கிளையை விலக்கியும் அழுத்தியும் பிடித்து, மற்றொரு கையால் அடியில் வெட்டுவர். கவைக்கோலுக்கு விலையே கிடையாது; ஏதேனும் ஒரு மரத்தில் தேர்ந்து வெட்டிக்கொள்வது. ஆனால் அது இல்லாமல் கருவேலமும் உடையும் விறகாவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் அறிமுகமான சீமைக்கருவேலம் ஏழையின் விறகாகப் பரந்ததற்கு, அதனைக் கையாளும் இவ்விணைக்கருவி முன்பே இருந்ததும் ஒரு காரணம் எனலாம். அதே நூற்றாண்டில் சோழமண்டலக் கடற்கரை மணலில் நடப்பட்ட சவுக்கோ நேர்மாறானது: முள்ளில்லை, கோணலில்லை, கோடரி ஒன்றே போதும். அது தொடக்கத்திலிருந்தே விற்பனைக்கான விறகு.

இரும்பு அலகு ஊர்க்கொல்லரிடமிருந்து வந்தது. கொல்லருக்குக் களத்தில் நெல்லாக மேரை அளக்கும் ஊரில், அரிவாள் தோய்ப்பதற்கும் கோடரி சாணை பிடிப்பதற்கும் குடியானவன் காசு எடுக்கவில்லை. களமில்லாத கூலிக்கு அந்த வாசலும் இல்லை. தேய்ந்த கோடரி மறுபடியும் உலையேறி உளியாகவோ ஆப்பாகவோ வெளிவந்தது. அருங்காட்சியகங்களில் ஏழையின் விறகுக்கத்தி அரிதாகவே கிடைப்பதற்கு முதற்காரணம் இதுவே: அது தேய்ந்து தீர்ந்தது.

சுமக்கும் கருவிகளைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். சும்மாடு என்னும் சுருட்டிய துணி, கட்டும் நார் அல்லது கொடி, இவ்விரண்டையும் கருவி என்று எந்தப் பட்டியலும் சேர்ப்பதில்லை. ஆயினும் காட்டுக்கும் ஊருக்கும் இடையிலான தொலைவை வென்றவை அவையே. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதர் விறகு விற்பவராக மதுரைத் தெருவில் நடக்கின்றார். இறைவன் எடுக்கத்தக்க மிகத் தாழ்ந்த வேடமாகப் புலவர் விறகுச்சுமையைத் தேர்ந்தது, அச்சுமை எவர் தலையில் இருந்தது என்பதைச் சொல்லாமல் சொல்கின்றது.

தரங்கம்பாடியோடு தொடர்புடைய அறிஞர்கள் இச்சொற்களின் பதிவுக்குத் துணைபுரிந்தனர். அங்கிருந்து சென்னைக்குச் சென்ற ஃபப்ரீசியுஸின் அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சாயிற்று. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ரொட்லர், தாவரவியலாளராகவும் அகராதியாளராகவும் விளங்கினார். அவரது அகராதி 1834 முதல் 1841 வரை பகுதிகளாக வெளிவந்தது. மரத்தின் இலையைப் பதப்படுத்தி ஐரோப்பாவுக்கு அனுப்பியவரே அதே மரத்தின் தமிழ்ப்பெயரையும் தொகுத்தார். ஆனால் அகராதி சொல்லைத் தரும். காம்பின் நீளத்தைத் தராது.

கருவியைப் பறித்த சட்டம்

தமிழகத்தின் காட்டுச் சட்டத்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே எதிர்பாராத ஓர் ஆள்வழித் தொடர்பு உண்டு. 1864இல் இந்தியக் காடுகளின் முதல் தலைமை ஆய்வாளராக அமர்ந்த டீட்ரிஷ் பிராண்டிஸ், பொன் நகரில் பிறந்த செருமானியர். கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்திலும் தாவரவியல் பயின்றவர். அவரது முதல் மனைவி, டேனியர் வசமிருந்த செராம்பூரில் பணியாற்றிய யோசுவா மார்ஷ்மனின் மகள். 1805 ஆணையின் பயனாகக் காடு மீண்டுகொண்டிருந்த நாட்டில் அவர் மாணவராக இருந்தார் என்பதற்கு மேல் இத்தொடர்பை நீட்டிச் செல்வது முறையன்று.

இந்தியக் காட்டுச் சட்டம் 1878இல் வந்தபோது சென்னை மாகாண அரசு அதனை ஏற்கத் தயங்கியது. ஊரார் உரிமை எதுவும் படியாத காடு இம்மாகாணத்தில் அரிது என்பது அதன் வாதம். பிராண்டிஸ் 1880களின் தொடக்கத்தில் நேரில் வந்து ஆலோசனை வழங்கினார். 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் தனியே இயற்றப்பட்டது. அவரது பரிந்துரைகள் 1883இல் அச்சாயின. ஒதுக்கப்பட்ட காட்டில் இசைவின்றி மரம் வெட்டுவதும் கிளை தறிப்பதும் குற்றங்களாயின. குற்றத்தோடு தொடர்புடைய மரம் மட்டுமன்றி, அதற்குப் பயன்பட்ட கருவிகள், கயிறுகள், சங்கிலிகள், படகுகள், வண்டிகள், கால்நடைகள் ஆகியவற்றையும் அதிகாரி கைப்பற்றலாம்.

கயிறும் இப்பட்டியலில் இடம்பெற்றிருப்பது கவனத்துக்குரியது. அருங்காட்சியகமும் அகராதியும் கருவியாக மதிக்காத கயிற்றைச் சட்டம் கருவியோடு சேர்த்து எண்ணியது. இந்நிலையில் ஏழை எத்தகைய கருவியோடு காட்டுக்குச் செல்வாள்? பறிபோனால் குடும்பம் தாங்கக்கூடிய கருவியோடுதான். சிறிய, தேய்ந்த, இடுப்பில் மறையக்கூடிய அரிவாளே அத்தகையது. நல்ல கோடரி வீட்டிலேயே இருக்கும். காட்டோர ஊர்களில் சிறு கருவிகளே வழங்கியதைத் தொழில்நுட்பப் பின்தங்கலாகக் காண்போர், பறிமுதல் என்னும் இடரை விலையோடு சேர்த்துக் கணக்கிடுவதில்லை. டென்மார்க்கில் காட்டுக்கரை குடியானவனை வெளியே நிறுத்தியது. சென்னை மாகாணத்தில் கரையில்லை, காவலர் இருந்தார். முன்னதில் உரிமை ஈடுபெற்று முடிந்தது. பின்னதில் முடியாமல் நீண்டது.

புல்வெளி நாட்டில் ஈழத்தமிழர்

யூலாந்தின் நடுப்பகுதி 19ஆம் நூற்றாண்டு வரை ஹெதர்ப் புதர் மண்டிய வறண்ட வெளி. அங்கு மரமில்லாததால் கோடரிக்கும் வேலையில்லை. சதுப்பில் வெட்டியெடுத்த புல்கரியே எரிபொருள். அதற்குரிய நீண்ட மண்வாரியே அந்நிலத்தின் ‘விறகுக் கருவி’. 1864 போரில் தென்பகுதிகளை இழந்த பின்னர், 1866இல் என்ரிக்கோ டால்காஸ் முன்னின்று டேனியப் புல்வெளிக் கழகத்தை நிறுவினார். ஊசியிலை மரங்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. இன்று அப்பகுதியில் தென்படும் காடு பெரும்பாலும் அந்நடவின் விளைவே.

1940 முதல் 1945 வரை செருமானிய ஆக்கிரமிப்பின்போது நிலக்கரியும் எண்ணெயும் வரத்துக் குறைந்தன. ஹெர்னிங்குக்குத் தெற்கே சோபியில் பழுப்பு நிலக்கரி தோண்டப்பட்டது. தொடக்கத்தில் மண்வாரியும் தள்ளுவண்டியுமே கருவிகள். வண்டிகள் பீச் மரத்துண்டுகளை எரித்துப் பெற்ற வாயுவால் ஓடின. போருக்குப் பின் மலிவான எண்ணெய் வந்தது. 1950களில் பொறிவாள் காட்டுக்குள் நுழைந்தது. சட்டவாள் கொட்டகையில் தொங்கியது. 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது, நாட்டின் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கு இறக்குமதி எண்ணெயையே நம்பியிருந்த டென்மார்க் மறுபடியும் விறகடுப்பின் பக்கம் திரும்பியது. கொட்டகையிலிருந்த கோடரி மீண்டும் இறங்கியது; இம்முறை அதை எடுத்தவர் பெரும்பாலும் சொந்த வீடும் முற்றமும் உடையவர்.

இச்சூழலில்தான் 1980களின் நடுவிலிருந்து ஈழத்தமிழர் வந்து சேர்ந்தனர். டென்மார்க்கில் இலங்கைப் பின்புலமுடையோர் இன்று பத்தாயிரத்துக்கு மேல். அவர்களுள் பலர் ஹெர்னிங், பிராந்தெ முதலிய நடு யூலாந்து நகரங்களில், அதாவது டால்காஸின் புல்வெளியிலும் சோபிச் சுரங்கத்தின் அயலிலும் குடியமர்ந்தனர். பிராந்தெயின் அபிராமி அம்மன் ஆலயமும் ஹெர்னிங்கின் சித்திவிநாயகர் ஆலயமும் அக்குடியமர்வின் அடையாளங்கள். அடுக்குமாடி வாடகைக் குடியிருப்புகளில் பின்முற்றம் இல்லை, பிளக்கும் கட்டை இல்லை. நகர வெப்பக் குழாய் வழியே வெந்நீர் வந்தது. ஹெர்னிங் அனல்நிலையம் மரச்சில்லுகளை எரித்து அவ்வெந்நீரைத் தருகின்றது. விறகால் சூடான வீட்டில், விறகைக் காணாமல் அவர்கள் வாழலாயினர். அதே காலத்தில், 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் இழந்த யாழ்ப்பாணத்திலோ, மிதிவண்டியில் ஆளுயரத்துக்கு விறகு கட்டி மைல்கணக்கில் உழக்கி வந்து விற்றோர் இருந்தனர். மிதிவண்டியும் விறகுக் கருவியாயிற்று.

டென்மார்க்கில் எளியோர் கருவிகளைத் தொகுக்கும் பணி காலத்தே தொடங்கியது. பெர்ன்ஹார்ட் ஓல்சன் 1897இல் திறந்தவெளி அருங்காட்சியகத்தை நிறுவினார். 1901இல் அது லுங்பிக்கு மாறியது. அறுவடைக் கருவிகள் பற்றிய நூலை 1943இல் வெளியிட்ட அக்செல் ஸ்டீன்ஸ்பர்க், கருவியைச் சேகரிப்பதோடு நில்லாமல் அதனைப் பயன்படுத்திய முதியோரிடம் வினாப்பட்டியல் வழியாகச் செய்திகள் திரட்டும் தேசிய அருங்காட்சியகப் பணிக்கும் வித்திட்டார். பிற்காலத்தில் நியூகினியின் தோட்டங்களுக்குச் சென்று கைக்கருவிகளின் இயக்கத்தைப் பதிவு செய்தார். தமிழ்க் கருவிகளுக்கு அத்தகைய வினாப்பட்டியல் தேவைப்படும் நேரம் இது. கொக்கச்சத்தகத்தைக் கையில் பிடித்தவர்கள், விறகுகாலையில் நிறுத்து வாங்கியவர்கள், சும்மாட்டின் மேல் சுமந்தவர்கள் யூலாந்தில் இப்போது ஓய்வு பெறும் வயதில் இருக்கின்றனர். அவர்களிடம் கேட்க வேண்டியவை எளியன. கத்தியின் பிடி எம்மரம்? கொல்லனுக்குக் கொடுத்தது நெல்லா, காசா? வளவுக்குள் விழுந்த மட்டை எவருக்குரியது? கோடரியைப் பெண்கள் தொட்டார்களா? அயலார் இரவல் கேட்டால் எக்கருவியைக் கொடுத்தார்கள், எதைக் கொடுக்க மறுத்தார்கள்?